மைதானத்தின் சாதி: சேது அணி ஜெயித்த 2019

மே 22 என்று சொன்னால் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துச் சனங்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான். 2018ஆம் வருசம் அந்தத் தேதியில், ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். 2019 மே 22 அதன் முதலாண்டு நினைவு நாள். மறுநாள் மே 23, நாடாளுமன்றத் தேர்தல் வோட்டு எண்ணிக்கை. ஒரு பக்கம் துக்கம், இன்னொரு பக்கம் வோட்டுக் கணக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவில், பஞ்சாப் மாநிலம் லூதியானாவில், குருநானக் ஸ்டேடியத்தில், எங்கள் கரிசக்காட்டிலிருந்து பேர் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்கள் கால்பந்து அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது. கோவில்பட்டி டீக்கடையில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நான் வாய்விட்டுச் சொன்னபோது பக்கத்திலிருந்தவர் கேட்டார்: “பொம்பளப் பிள்ளைக பந்து ஆடுதாகளா? எந்த ஊர்ல?”

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. நான் ஆட்டக்காரன் இல்லை, ரசிகன். ஆனால் ரசிகனுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அவன் எங்கே நின்று ஆட்டம் பார்த்தான், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவனை நிறுத்தினார்கள் என்பதும் ஆட்டத்தின் வரலாற்றில் சேர்த்திதான்.

அணியின் பெயர் சேது எஃப்.சி. பேருக்கு மதுரை அணி. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பக்கம் புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறதே, அந்தக் குடும்பத்துச் சீனி முகைதீன் நடத்துகிற அணி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில் வந்தால் சீமைக்கருவேலும் கண்மாய்க் கரையும் வெடித்துக் கிடக்கிற பூமியுமாகத் தெரிகிற பகுதி அது. அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று தெற்கே நீளுகிற வானம் பார்த்த நிலத்தின் வடக்கு வாசல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியப் பெண்கள் லீக் அப்போது மூன்றாவது தடவையாக நடந்தது. முதல் தடவை, 2017இல், டில்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் ஜெயித்தது. 2018இல் ஷில்லாங்கில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கிளப். தெற்கே இருந்து ஒருத்தரும் கோப்பையைத் தொட்டதில்லை. பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர்தான் என்பது அன்றைக்கு எழுதாத சட்டம். அங்கே தாய்மார்கள் பந்து ஆடின பூமியில் மகள்கள் ஆடுகிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் தேறி வந்த போலீஸ் அணிதான் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது. அதற்கு முந்தி அரையிறுதியில் எதிரே நின்றது எஸ்.எஸ்.பி. எனும் எல்லைக் காவல் படையின் அணி. ரெண்டுமே சீருடை போட்ட, மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற அணிகள். ஒரு பொறியியல் கல்லூரியின் பேரில் வந்த பிள்ளைகள் எல்லைப் படையைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்து, மணிப்பூரையும் தாண்டினார்கள். பயிற்சியாளரும் ஒரு பெண்தான், அம்ரிதா அரவிந்த். அணியில் கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இருந்தார், சந்தியா ரங்கநாதன் இருந்தார். கோல் போட என்றே பிறந்ததுபோல நேபாளத்துச் சபித்ரா பண்டாரி இருந்தார்.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். அதே 2018–19 பருவத்தில் ஆண்களின் ஐ–லீக் கோப்பையும் தமிழ்நாட்டுக்குத்தான் வந்தது. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9இல் மினர்வா பஞ்சாபை 3–1 என்று ஜெயித்து, ஒரே ஒரு புள்ளியில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளியது. அதுவும் யாரும் எதிர்பார்க்காத வெற்றிதான். ஆனால் ஆண்களின் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரைக்கும் நடந்தது. சொந்த ஊரில் பாதி ஆட்டம், சொந்தச் சனங்களின் கைதட்டல். பெண்களின் பருவமோ மே 5 முதல் மே 22 வரை, மொத்தம் 18 நாள். ஒரே ஊரில், பஞ்சாபின் அக்கினி வெயிலில், ஒன்று விட்டு ஒருநாள், ரெண்டு நாள் என்று ஆடி முடிக்கவேண்டும். சொந்த ஊர் ஆட்டம் என்பதே கிடையாது. ஆண்களுக்கு ‘சீசன்’, பெண்களுக்கு ஒரு திருவிழா அளவுதான் நேரம் ஒதுக்கினார்கள். அந்த 18 நாளுக்குள் அவர்கள் ஜெயித்தார்கள்.

அதிசயம், ஆச்சரியம் என்று அப்போது சொன்னார்கள். யாருக்கு ஆச்சரியம்? அதற்கு ஒன்றேகால் வருசம் முன்னால், 2018 பிப்ரவரி 14இல், கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் இதே மணிப்பூரை 2–1 என்று ஜெயித்து முதல் தடவையாகக் கோப்பை வாங்கியிருந்தார்கள். அதற்கும் முன்னால், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்துப் போட்ட கடலூரில், மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, தங்க இடமும் சோறும் பள்ளிக்கூடமும் பந்தும் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். இந்த வெற்றிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வருசத்து வேர்வை கிடக்கிறது. கணக்கில் எடுத்துக்கொள்ளாதவனுக்குத்தான் அது திடீரென்று தெரியும். அடித்தட்டுச் சனங்கள் எதைச் சாதித்தாலும் ‘ஆச்சரியம்’ என்று சொல்வதில் ஒரு அரசியல் இருக்கிறது. ஆச்சரியம் என்று சொல்லிவிட்டால் காரணம் தேடவேண்டியதில்லை. காரணம் தேடினால், மற்ற ஊர்களில் ஏன் இது நடக்கவில்லை என்ற கேள்வி வந்துவிடும்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: “அந்தப் பிள்ளைக என்ன சாதி? நம்மாளுகளா?” ஒடுக்கப்பட்டவனுக்குத் தன் ஆளைத் தேடுகிற ஆசை இருக்கும், அதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டக்காரிகளின் சாதிச் சான்றிதழை இந்தக் கட்டுரை தேடப்போவதில்லை. அவர்கள் காலால் சம்பாதித்ததை நாம் ரத்தத்தில் வரவு வைக்கக்கூடாது. தேடவேண்டியது மைதானத்தின் சாதியை. எந்தத் தரை, யார் வசத்தில், எந்த நேரத்தில், யாருக்குத் திறந்திருக்கிறது? அதைத் தேடினால் நம்முடைய வரலாறு தானாக வெளியே வரும்.

எங்க ஊர்ல மைதானம்னா மூணு. ஒண்ணு பள்ளிக்கூடத்து மைதானம். அது ஊர்த்தெருவுக்குள்ள இருக்கு. பகல்ல பள்ளிக்கூடம் நடக்குறப்போ எல்லாருக்கும் பொது. மணி அடிச்சுப் பையத் தூக்கிட்டா அது ஊருக்குச் சொந்தம். ரெண்டாவது கோயில் பொட்டல். அது யாருக்குன்னு பேரே சொல்லிருது. மூணாவது தண்ணி வத்தின கண்மாய். அங்கனதான் எங்க ஆட்டம். ஆனா கண்மாய் எப்ப வத்தும்? மழை பொய்ச்சாத்தான் வத்தும். ஊரே வானத்தப் பாத்து ஒப்பாரி வைக்கிற வருசம் எங்களுக்கு மைதானம் கிடைக்கும். நல்லா மழை பெஞ்சு வெள்ளாமை வீடு வந்துட்டா பந்தத் தூக்கிப் பரண்ல போடணும். பஞ்சத்துல மட்டும் ஆட்டக்காரனா இருந்த சாதிசனம் வேற எங்கயாவது உண்டா, எனக்குத் தெரியல.

கரிசல் மண்ணுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஈரம் பட்டால் காலில் அப்பிக்கொண்டு விடாது. நாலு எட்டு வைத்தால் ஒவ்வொரு காலும் ஒரு படி கனக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கால் போனால் கரண்டை பிசகும். சீமைக்கருவேல முள் வெறுங்காலையும் விடாது, பந்தையும் விடாது. சைக்கிள் கடையில் பிளாடருக்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, கடைசியில் பந்தைவிட ஒட்டு பெரிசாக இருக்கும். இந்த மண்ணில் பந்தாட ஒரு தரை வேண்டுமென்றால், அதைத் திருத்தி, செம்மண் அடித்து, உருட்டி வைக்க ஒரு ஊராட்சி வேண்டும், காசு வேண்டும், மனசு வேண்டும். அதாவது அதிகாரம் வேண்டும். மைதானம் இயற்கையாகக் கிடைக்கிற பொருளாக இங்கே இருந்ததில்லை. யாருக்காகத் திருத்தினார்களோ அவர்களுக்கு இருந்தது.

சேரியிலிருந்து பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டவேண்டும். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீட்டையும் பண்டபாத்திரத்தையும் நொறுக்கியதே, அதற்குப் பிறகு ரெண்டு மூணு வருசம் தென்மாவட்டம் பூராவும் எரிந்துகொண்டிருந்தது. அந்த நாள்களில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்த்தெருவில் நடப்பதற்கு எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? “ஏலேய், பந்து முக்கியமா, உசுரு முக்கியமா?” என்பாள் எங்க அம்மா. இதே மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பிய கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கினார். கபடிக்குப் பந்து வேண்டாம், வலை வேண்டாம், பெரிய தரையும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பையன்கள் ஏன் கபடியில் மேலே வந்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் ஆம்பளைப் பையன்களின் கதை. பெண்பிள்ளைகளுக்கு அந்த மூணு மைதானத்தில் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு விடியுமுன்னே ஆபீஸ் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குவாளியோடு ஏற்றிக்கொண்டு போகும். பொழுதடைந்து கொண்டுவந்து இறக்கும். கட்டை அடுக்குவது, குச்சி அடைப்பது, பெட்டி ஒட்டுவது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ என்று படம் எடுத்தார். எங்க அக்கா அந்த வண்டியில் போனவள். வண்டி கிளம்பிவிட்டால் ஓடைக்கரை வரைக்கும் விரட்டிப் போய் ஏறிவிடுவாள். அவளை ஓட்டத்தில் ஜெயிக்க எங்க தெருவில் ஆள் கிடையாது. அந்த ஓட்டத்துக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை. கரிசல் பூமியில் எத்தனை வலதுகால், எத்தனை இடதுகால் தீப்பெட்டிக் கட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டே மரத்துப் போயின என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை.

தொழிற்சாலைப் பெண்களும் பந்தும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் ஊரில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் ஒரு அணி கட்டினார்கள். டிக், கெர் பெண்கள் அணி என்று பேர். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் உள்ளே இருந்தார்கள். அடுத்த வருசம் வேலை பூட்டப்பட்டுப் பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளிகளுக்காகவும் ஆடிக் காசு திரட்டினார்கள். 1921 டிசம்பர் 5இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. பெண்கள் ஆடக்கூடாது என்று அது தடை போடவில்லை. சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. அவ்வளவுதான், சுமார் 50 வருசம் அந்த ஆட்டம் நசுங்கிக் கிடந்தது. தரையைப் பூட்டினால் போதும், ஆட்டம் தானாகச் சாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்க ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். தீர்மானம் எழுதிவைக்கவேண்டிய அவசியம்கூட இருந்ததில்லை.

நம்முடைய பக்கத்தில் பல்வங்கர் பாலு இருக்கிறார். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுதளத்தைப் பெருக்கி உருட்டிப் பராமரிக்கிற வேலைக்குப் போனவர். தரை அவர் கையில் இருந்ததால் பந்தும் கைக்கு வந்தது. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்ட பந்துவீச்சாளருக்கு அவருடைய அணியே தேநீர் இடைவேளையில் தனிக் குவளையில்தான் தேநீர் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1924இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுக்கட்டடம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது. 1925இல் அது அரசிதழில் வெளியானது. ‘பொது’ என்ற சொல்லை நமக்கும் சேர்த்து எழுதவைத்த காரியம் அது. நூறு வருசம் கழிந்தும் பல ஊர்களில் மைதானம் அந்தப் ‘பொது’வுக்குள் வரவில்லை.

இப்போது மறுபடியும் சேது அணிக்கு வருவோம். அந்த வெற்றி எதை நிரூபித்தது? நாலு காரியம் கிடைத்தால் போதும் என்பதை நிரூபித்தது. ஆட ஒரு தரை. வயித்துக்குச் சோறு. பயமில்லாமல் படுக்க ஒரு இடம். கூலிக்குப் போகாமல் கழிக்க நாலு மணி நேரம். இந்த நாலும் கிடைத்தவுடனே, கோப்பையையே காணாத தெற்குச் சீமை மணிப்பூரைத் தாண்டியது. அப்படியானால், அதற்கு முன்னால் இங்கே இல்லாமல் போனது திறமையா? ‘நம்ம பிள்ளைகளுக்கு அந்த உடம்பு வராது’ என்று சொல்லிச் சொல்லி நம்பவைத்தார்களே, அந்தப் பொய்யைத்தான் மூணு கோல் போட்டு உடைத்தார்கள்.

கோவில்பட்டியே இதற்கு இன்னொரு சாட்சி. இது ஹாக்கி ஊர். அரசு செயற்கைத் தரை போட்டு, விடுதி வைத்து, பயிற்சி கொடுத்தது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டியே இங்கே நடந்தது. அதே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியில், இங்கே பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி ரெண்டு பேரும் இருந்தார்கள். அணி வெண்கலம் வாங்கி வந்தது. தரை போட்ட இடத்தில் ஆள் முளைத்தார்கள்.

ஆனாலும் ரசிகனாக எனக்கு ஒரு வருத்தம் மிச்சமிருக்கிறது. நான் பேர் சொன்ன ஆட்டக்காரிகள் கடலூர்க்காரிகள், நேபாளத்துக்காரி. எங்கிருந்து வந்தாலும் அவர்கள் நம்ம பிள்ளைகள்தான். கரிசக்காட்டுப் பேரை லூதியானா வரைக்கும் கொண்டுபோனவர்கள். ஆனால் கரிசக்காட்டுச் சேரியில் பிறந்த பிள்ளை அந்தச் சட்டையைப் போட, வீட்டு வாசலிலிருந்து அந்த மைதானம் வரைக்கும் ஒரு வழி வேண்டும். ஒரு தனியார் கல்லூரி மனசு வைத்துக் கட்டிய அணியைப் பாராட்டவேண்டும். மனசு வைத்துக் கிடைத்தது, மனசு மாறினால் நின்றும் போகலாம். உரிமையாகக் கிடைத்தது அப்படி நிற்காது. நிறுத்தினால் கேள்வி கேட்கலாம்.

சேது அணி 2021–22இலும் கடைசி ஆட்டம் வரைக்கும் கோப்பைக்குப் போராடி, கேரளத்தின் கோகுலம் அணியிடம் தோற்று இரண்டாமிடம் வந்தது. 2023 ஜூன் 28இல் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் அரியானாவை 2–1 என்று ஜெயித்து இரண்டாவது தடவையாகத் தேசியக் கோப்பை வாங்கினார்கள். 2018 தற்செயல் இல்லை என்று இனி யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இந்துமதி தமிழ்நாடு போலீஸில் சப்–இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் நின்று வேலை பார்த்தார். பந்து ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வாசிக்கிற மாணவர்களுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். 2024இல் தமிழ்நாடு அரசு கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்புகளைக் கிராம ஊராட்சிகளுக்குக் கொடுத்தது. அது உங்கள் ஊராட்சியில் எந்த அறையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அந்த அறையின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். சேரிப் பையன் போய்க் கேட்டால் பந்து வெளியே வருகிறதா? ஒரு பெண்பிள்ளை போய்க் கேட்டால்? சாயங்காலம் ஒரு மணி நேரமாவது மைதானம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறதா? இல்லையென்றால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள், மனு எழுதுங்கள், தீர்மானமாகப் பதிவு பண்ணச் சொல்லுங்கள். கண்மாய் வத்துகிற வரைக்கும் காத்திருந்த காலம் எங்களோடு போகட்டும்.